கிராணியைக் கேளுங்க: ஒய்பி மேல் கேஸ் இருந்தால் என்ன ஆகும்?

இந்த மாதம் வந்த கடிதம், வாட்சாப் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான், நம்ம ஒய்பிக்கள், அதாவது எம்பி, சட்டமன்ற உறுப்பினர்கள் மேல் இருக்கும் கேஸ். தமிழ்ப்பள்ளிக் கூரை, தெருவிளக்கு, இபிஎஃப் பணம் பற்றிக் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த மாதம் பார்க்கலாம்.

கேள்வி: கிராணி ஐயா, என் மகனுக்கு 24 வயசு. தெலுக் இந்தானில் ஒரு கம்பெனியில் ஜாகா வேலைக்குப் போனான். ரெண்டு வருசத்துக்கு முன்னால் கல்யாண மண்டபத்தில் நடந்த ஒரு சண்டையில் இவன் பேரும் சேர்ந்து, கேஸ் இன்னும் கோர்ட்டில் கிடக்கிறது. அதைச் சொன்னதும் "கேஸ் முடிஞ்சதும் வா" என்று அனுப்பிவிட்டார்கள். கேட்டில் நின்று லாரி நம்பர் எழுதுகிற வேலைக்கே இந்தக் கதி. நாட்டை நிர்வாகம் பண்ணுகிறவர்களுக்கு மட்டும் எத்தனை கேஸ் இருந்தாலும் பரவாயில்லையா? (ஓர் அம்மா, ஊத்தான் மெலிந்தாங்)

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், திட்டுவதெல்லாம் அப்புறம்.

மலேசியக் கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தில் 48ஆவது பிரிவு. ஒருவரைக் குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்து, ஓராண்டுக்குக் குறையாத சிறையோ 2,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமோ விதித்து, அவருக்கு முழு மன்னிப்பும் கிடைக்காமல் இருந்தால் அவர் எம்பியாக இருக்க முடியாது. சிறையிலிருந்து வெளியே வந்த நாளிலிருந்து, அபராதம் என்றால் அது விதிக்கப்பட்ட நாளிலிருந்து, ஐந்து வருடம் இந்தத் தடை. சட்டமன்றக்காரர்களுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். கவனித்தீர்களா, தீர்ப்பு என்றுதான் இருக்கிறது, குற்றச்சாட்டு என்று எங்கேயும் இல்லை. ஒரு குற்றச்சாட்டோ நாற்பத்தேழோ, சாட்டப்பட்ட நிலையில் நிற்கிறவரை சட்டம் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

இந்த "குறையாத" என்ற சொல் இருக்கிறதே, அது லேசுப்பட்ட சொல் இல்லை. 2018 ஏப்ரல் 28, வேட்புமனு நாள். கோலாலம்பூரில் பத்து (Batu) என்ற தொகுதியில் அப்போதைய எம்பி தியான் சுவா மனு கொடுக்கப் போனார். அவருக்கு முன்பு விதிக்கப்பட்டிருந்த அபராதம் சரியாக 2,000 ரிங்கிட். அதற்கு மேல் போனால்தானே தடை என்று அவரும் கட்சிக்காரர்களும் நம்பிக்கொண்டிருந்தார்கள். 2,000 என்றாலே தடைதான் என்று தேர்தல் அதிகாரி மனுவைத் தள்ளிவிட்டார். ஒரு வெள்ளி குறைந்திருந்தால் பிழைத்திருப்பார். கடைசியில் அந்தத் தொகுதியில் சுயேச்சையாக நின்ற 22 வயது பிரபாகரனுக்கு அவர்கள் ஆதரவு கொடுத்து, நம்ம பையன் எம்பி ஆனது தனிக் கதை.

ஏற்கெனவே நாற்காலியில் இருக்கிறவருக்கு இன்னும் கொஞ்சம் இடம் உண்டு. தண்டனை வந்து 14 நாள் கழித்துத்தான் பதவி போகும். அந்த 14 நாளுக்குள் மேல்முறையீடு செய்துவிட்டால் அது முடியும்வரை போகாது. அதிலும் தோற்றால் மறுபடி 14 நாள், அதற்குள் மன்னிப்பு மனு போட்டால் மனுவுக்கு முடிவு வரும்வரை போகாது. முன்னாள் பிரதமர் நஜிப் விஷயத்தில் நடந்தது இதுதான். 2020 ஜூலை 28ஆம் தேதி, எஸ்ஆர்சி என்ற அரசு நிறுவனத்தின் பணம் தொடர்பான வழக்கில் 12 வருடச் சிறையும் 210 மில்லியன் ரிங்கிட் அபராதமும் விதித்தார்கள், அதற்குப் பிறகும் இரண்டு வருடம் பெக்கான் எம்பியாக மக்களவைக்கு வந்து பேசினார், மலாக்கா தேர்தலிலும் ஜொகூர் தேர்தலிலும் பிரசாரம் செய்தார், "போஸ்கு" (என் பாஸ்) என்று ஆட்கள் முண்டியடித்து செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். 2022 ஆகஸ்ட் 23ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்த அன்றே காஜாங் சிறைக்குப் போனார். மன்னிப்பு மனு நிலுவையில் இருந்ததால் அப்போதும் பெக்கான் காலியாகவில்லை. அக்டோபரில் நாடாளுமன்றம் கலையும்வரை சிறைக்குள் இருந்தபடியே அவர்தான் எம்பி. ஆனால் புதிதாக மனு போட இந்தச் சலுகை கிடையாது, தண்டனை வந்த நிமிடமே தடை.

சரி, உங்கள் மகன் விஷயம். தீர்ப்பு வரும்வரை அவனும் சட்டப்படி நிரபராதிதான், எம்பி எப்படியோ அப்படியே. வித்தியாசம் என்னவென்றால் அவனுக்கு வேலை கொடுக்கலாமா என்று ஒரு மானேஜர் மேசையில் உட்கார்ந்து யோசிக்கிறார், எம்பிக்கு வேலை கொடுக்கும்போது நாம் கட்சிச் சின்னத்தைப் பார்த்துக் கோடு போட்டுவிட்டு தே தாரிக் குடிக்கப் போய்விடுகிறோம். கேஸுக்கு வக்கீல் இல்லை என்றால் தேசிய சட்ட உதவி அறவாரியத்தை அணுகுங்கள், வருமானம் குறைந்த குடிமக்களுக்குக் குற்றவியல் வழக்கில் வக்கீல் ஏற்பாடு செய்து தருவார்கள். தேதி தள்ளிப்போய்க்கொண்டே இருப்பதுதான் அவன் வயிற்றில் அடிக்கிறது.

கேள்வி: அண்ணே, இதுக்கு ஒரே மருந்துதான். கோர்ட்டில் சார்ஜ் பண்ணிய அன்றைக்கே தொகுதி காலி என்று சட்டம் போடணும். எல்லாரும் ஒழுங்காகிவிடுவார்கள். ஏன் செய்ய மாட்டேன் என்கிறார்கள்? (செம்பனைக் குலை லாரி ஓட்டும் தம்பி, பாகான் டத்தோ)

பதில்: தம்பி, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2019 அக்டோபரை ஞாபகப்படுத்திப் பார். விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று சொல்லி சொஸ்மா என்ற பாதுகாப்புச் சட்டத்தில் 12 பேரைப் பிடித்தார்கள். அதில் இரண்டு பேர் சட்டமன்ற உறுப்பினர்கள், மலாக்கா காடேக் தொகுதி சாமிநாதனும் நெகிரி செம்பிலான் சிரம்பான் ஜெயா குணசேகரனும். இத்தனைக்கும் அப்போது ஆட்சியில் இருந்தது அவர்களுடைய சொந்தக் கூட்டணி! தீபாவளிக்கு உள்ளேதான் இருந்தார்கள். அந்தத் தீபாவளிக்கு எங்கள் பக்கத்து வீட்டில் முறுக்குச் சுட்டுக்கொண்டே பெண்கள் பேசிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது, யாரும் "குற்றவாளி" என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. 2020 பிப்ரவரி 21ஆம் தேதி அன்றைய சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் 12 பேர் மீதான குற்றச்சாட்டுகளையும் கைவிடுவதாக அறிவித்தார். நிரூபிக்க வாய்ப்பில்லை என்பது அவர் சொன்ன காரணம். நீ கேட்கிற சட்டம் அன்றைக்கு இருந்திருந்தால் அதற்குள் இரண்டு தொகுதியிலும் இடைத்தேர்தல் முடிந்து வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள்.

இன்னும் பின்னால் போ. 2007 நவம்பர் 25, நம்ம இந்தியர்கள் உரிமை கேட்டு நடத்திய ஹிண்ட்ராஃப் பேரணி, அடுத்த மாதமே விசாரணை இல்லாமல் அடைக்கும் ஐஎஸ்ஏ சட்டத்தில் ஐந்து பேர் கமுந்திங் தடுப்பு முகாமுக்கு. அதில் ஒருவரான வழக்கறிஞர் மனோகரன் 2008 மார்ச் தேர்தலில் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில் நின்று, முகாமுக்குள் இருந்தபடியே ஜெயித்தார். ஒரு வீட்டு வாசலில் வந்து கும்பிடு போட முடியாத வேட்பாளர், ஜனங்கள் தேடிப் போய்ப் போட்டார்கள். வெளியே வந்தது 2009 மே மாதம். சுங்கை சிப்புட் டாக்டர் ஜெயக்குமாரை எம்பியாக இருக்கும்போதே 2011இல் அவசரச் சட்டத்தில் அடைத்தார்கள். எதிர்க்கட்சி எம்பி கர்ப்பால் சிங்குக்கு 2014 மார்ச்சில் தேச நிந்தனை வழக்கில் 4,000 ரிங்கிட் அபராதம், கணக்குப் பார்த்தால் எம்பி பதவி போகிற தொகை. அடுத்த மாதமே விபத்தில் போய்விட்டார். அவர் குற்றவாளி இல்லை என்று கூட்டரசு நீதிமன்றம் சொன்னது 2019இல்.

யார் மேல் குற்றம் சாட்டுவது, நடுவில் எதைக் கைவிடுவது என்பதெல்லாம் அரசமைப்பின் 145ஆவது பிரிவுப்படி சட்டத்துறைத் தலைவர் கையில். அவரைப் பிரதமரின் ஆலோசனைப்படி மாமன்னர் நியமிக்கிறார். அப்படியானால் எதிர்க்கட்சித் தொகுதிகளைக் காலி பண்ணும் ரிமோட்டை நீ யாரிடம் கொடுக்கச் சொல்கிறாய் என்று லாரி ஓட்டிக்கொண்டே யோசித்துப் பார்.

மேல்முறையீடு முடியும்வரை விட்டுவைப்பதும் இதனால்தான். மூவார் எம்பி சைட் சாடிக்குக்கு 2023 நவம்பரில் ஏழு வருடச் சிறை, பிரம்படி இரண்டு, 10 மில்லியன் ரிங்கிட் அபராதம். 2025 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. 2023லேயே தொகுதியைப் பிடுங்கியிருந்தால் இந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவது?

கேள்வி: டிஎன்ஏஏ, டிஎன்ஏஏ என்கிறார்களே, அது விடுதலையா இல்லையா? எங்கள் வீட்டில் தினமும் சண்டை. (ஓய்வுபெற்ற ஆசிரியை, தெலுக் இந்தான்)

பதில்: பேரிலேயே இருக்கிறது டீச்சர், டிஸ்சார்ஜ் நாட் அமௌண்டிங் டு அக்விட்டல். விடுவிப்பு உண்டு, விடுதலை இல்லை. நான் தோட்ட ஆபீஸில் கிராணியாக செக்ரோல், அதாவது ஆள் வருகைப் பதிவேடு எழுதிய காலத்தில் ஒரு பழக்கம் உண்டு. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வந்தேன் என்று ஆள் சொல்லுவார், வரவில்லை என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சொல்லுவார். அந்த மாதிரிப் பேருக்கு நேராக மையில் போடாமல் பென்சிலில் ஒரு கோடு போட்டு வைப்பேன். துரை விசாரித்து முடித்தால்தான் மை. சில பேருக்கு விசாரணையே நடக்காமல் அந்தப் பென்சில் கோடு பக்கம் மாறி மாறிப் போய்க்கொண்டே இருக்கும். டிஎன்ஏஏ அந்தப் பென்சில் கோடு. அரசுத் தரப்பு வழக்கை மேற்கொண்டு நடத்தவில்லை என்கிறது, நீதிமன்றம் ஆளை விடுகிறது, ஆனால் அதே குற்றச்சாட்டைத் திரும்பக் கொண்டுவரச் சட்டத்தில் வழி இருக்கிறது.

நம் வட்டாரத்தில் இந்தச் சொல் எல்லார் வாயிலும் விழக் காரணம் பாகான் டத்தோ எம்பி ஸாஹிட் ஹமிடி. அவருக்கு இரண்டு பெரிய வழக்கு, இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். வெளிநாட்டவர் விசா முறை தொடர்பான 40 குற்றச்சாட்டுகளில் 2022 செப்டம்பரில் ஷா ஆலம் உயர் நீதிமன்றம் தற்காப்பு வாதத்துக்கே கூப்பிடாமல் அவரை விடுதலை செய்தது. அது மை. யாயாசான் அகால்புடி அறவாரியப் பணம் சம்பந்தமான 47 குற்றச்சாட்டுகளில், தற்காப்பு வாதம் செய்யச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டு விசாரணை ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், 2023 செப்டம்பர் 4ஆம் தேதி அரசுத் தரப்பு கேட்டுக்கொண்டதன் பேரில் டிஎன்ஏஏ கொடுத்தார்கள். அது பென்சில். நீதிபதி அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆகவே வீட்டுக் குழுவில் அவரைத் திருடன் என்று எழுதுகிற மாப்பிள்ளையைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள். எனக்கும் அந்த நாளில் மனக்குறைதான், பாதிக் கிணறு தாண்டிய வழக்கை முழுசாக நடத்தியிருந்தால் அவர் பேரும் தெளிந்திருக்கும், நமக்கும் ஒரு பதில் கிடைத்திருக்கும்.

கேள்வி: எம்பியாக இருக்கட்டும், ஜனங்கள் போட்ட ஓட்டு. மந்திரியாகவும் இருக்கலாமா? (கோயில் செயலாளர், சிலிம் ரிவர்)

பதில்: செயலாளரே, இதைத்தான் எல்லாரும் கேட்டிருக்க வேண்டும். சட்டம் தடுக்கவில்லை. இந்தக் கூட்டணி, அந்தக் கூட்டணி என்று பேதமும் இல்லை. லிம் குவான் எங் மீது 2016இல் பங்களா வாங்கியது தொடர்பான ஊழல் வழக்கு, அது நிலுவையில் இருக்கும்போதே 2018 மே மாதம் நிதியமைச்சர் ஆனார், செப்டம்பரில் அரசுத் தரப்பு கைவிட்டு விடுதலையானார். ஸாஹிட் 2022 டிசம்பரில் துணைப் பிரதமர் ஆனபோது அந்த 47 குற்றச்சாட்டுகளும் நீதிமன்றத்தில் ஓடிக்கொண்டிருந்தன. எதிர்க்கட்சியில் இருந்தபோது வாய்கிழியக் கேட்டவர்கள் அரசாங்கத்துக்குப் போனதும் "நீதிமன்றம் முடிவு செய்யட்டும்" என்றார்கள், முன்பு அதைச் சொன்னவர்கள் இப்போது கேட்கிறார்கள். வசனம் அதேதான், ஆள் மாறி ஆள் பேசுகிறார்கள்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஒரு பொருளாளர் இருந்தார், மண்டோர் வேலை, கறாரான மனுஷன். ஒரு வருடம் திருவிழாக் கணக்கில் 400 வெள்ளி உதைத்தது. கூட்டத்தில் ஒரு பையன் எழுந்து கேட்டுவிட்டான். மண்டோர் பதில் பேசவில்லை. இடுப்பிலிருந்து உண்டியல் சாவியை எடுத்தார், மஞ்சள் கயிற்றில் கட்டியிருக்கும், அதை விபூதித் தட்டில் வைத்துவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். கமிட்டியிலிருந்து விலகவில்லை. கூட்டத்துக்கு வந்தார், கருத்துச் சொன்னார், தேருக்கு முன்னால் நடந்தார். சாவியை மட்டும் தொடவில்லை. மூன்று மாதம் கழித்து உறுமி மேளக்காரர்களுக்குக் கொடுத்த 400 வெள்ளிக்கான ரசீது பழைய பஞ்சாங்கத்துக்குள் கிடைத்தது, அதே பையன்தான் கண்டுபிடித்தான். சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது மண்டோர் வாங்கிக்கொண்டார். கயிற்றை மட்டும் மாற்றினார்.

எம்பி பதவி கமிட்டி மாதிரி, தொகுதி கொடுத்தது, தீர்ப்பு வரும்வரை இருக்கட்டும். மந்திரி பதவி சாவி மாதிரி, பிரதமர் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது, மாமன்னர் நியமிப்பது. வழக்கை நடத்துகிறவரும் அந்த அரசாங்கத்துக்கே ஆலோசனை சொல்லும் சட்டத்துறைத் தலைவர் என்கிறபோது, குற்றம் சாட்டப்பட்டவர் மந்திரிசபை மேசையில் உட்கார்ந்திருந்தால் நேர்மையாகவே வழக்கைக் கைவிட்டாலும் யார் நம்புவார்கள்? அரசு வழக்குரைஞர் பதவியைத் தனியாகப் பிரிக்க வேண்டும் என்று பல வருடமாகப் பேசுகிறார்கள், அது நடந்தால் பாதிச் சந்தேகம் போகும். சைட் சாடிக் தண்டனை வந்த அன்றே மூடா கட்சித் தலைவர் பதவியை விட்டார், மூவாரை விடவில்லை. எனக்கு அது சரியாகப் பட்டது.

கேள்வி: தமிழ்நாட்டில் தண்டனை வந்ததும் முதலமைச்சர் பதவியே போய்விடுகிறது. நம் நாட்டுச் சட்டம் அவ்வளவு தளர்வா? (தினமும் சென்னைச் செய்தி பார்ப்பவர், பீடோர்)

பதில்: ஒரு விஷயத்தில் ஆமாம். அங்கே இரண்டு வருடமோ மேலோ சிறை என்றால் பதவி உடனே போகும். முன்பு நம் ஊர் மாதிரி மேல்முறையீட்டுச் சலுகை இருந்தது, 2013 ஜூலையில் லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை வெட்டிவிட்டது. அதனால்தான் 2014 செப்டம்பரில் பெங்களூரில் தீர்ப்பு வந்ததும் ஜெயலலிதா முதல்வர் பதவி, எம்எல்ஏ பதவி இரண்டையும் இழந்தார். அடுத்த மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுதலை செய்ததும் திரும்ப முதல்வர், அப்புறம் 2017இல் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தபோது அவர் உயிரோடு இல்லை. உடனே பறிப்பதால் எல்லாம் சுத்தமாகிவிடும் என்று நினைக்காதீர்கள், 2024இல் இந்திய மக்களவைக்குத் தேர்வான 543 பேரில் 251 பேர் தங்கள் மேல் குற்ற வழக்கு இருப்பதாகத் தாங்களே எழுதிக் கொடுத்தவர்கள்.

அந்த "எழுதிக் கொடுத்தவர்கள்" என்பதுதான் நான் பொறாமைப்படும் இடம். அங்கே வேட்பாளர் தன் மேல் இருக்கும் வழக்கு, சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் போட வேண்டும், யாரும் பார்க்கலாம். இங்கே வேட்பாளர் தரும் சத்தியப் பிரமாணம் தனக்குத் தகுதி இருக்கிறது என்பதோடு சரி. ஊழல் தடுப்பு ஆணையமான எஸ்பிஆர்எம் இணையதளத்தில் ஊழல் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்களின் பெயரும் படமும் போடுகிறார்கள், ஆனால் அது தீர்ப்புக்குப் பிறகு. நிலுவையில் இருப்பதை நாம்தான் பழைய பேப்பரில் தேட வேண்டும்.

கேள்வி: எல்லாரும் ஒன்றுதான். இனி ஓட்டே போடப் போவதில்லை. (பெயர் வேண்டாம்)

பதில்: பெயர் போடவில்லை. 15ஆவது பொதுத் தேர்தலில் பாகான் டத்தோவில் வெற்றி வித்தியாசம் 348 ஓட்டு. எங்கள் பழைய தோட்டத்தில் ஒரு சம்பள நாளைக்கு அதைவிட அதிகம் பேர் வரிசையில் நிற்பார்கள்.

கேள்வி: தேர்தல் நேரத்தில் அரிசி மூட்டையும் ஐம்பது வெள்ளியும் கொடுத்தால் வாங்கிக்கொண்டு, பிடித்த ஆளுக்குப் போட்டால் என்ன தப்பு? அரிசியும் நல்ல அரிசியா என்று சொல்லவும். (குடும்பத் தலைவி, ரப்பர் தோட்டம் ஒன்றிலிருந்து)

பதில்: ஓட்டுக்காகக் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம், 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டத்தில் இரண்டு பேரும் இருக்கிறார்கள். நடந்த கதை வேண்டுமா? 2018 பொதுத் தேர்தலில் கேமரன் மலையில் மஇகா (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) வேட்பாளர் 597 ஓட்டில் ஜெயித்தார். பூர்வகுடி வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டது என்று தேர்தல் நீதிமன்றம் நவம்பர் 30ஆம் தேதி அந்த வெற்றியைச் செல்லாது என்றது, 2019 ஜனவரியில் இடைத்தேர்தல். அந்த இடைத்தேர்தலுக்கு மலையேறி வந்து பிரசாரம் செய்தவர்களில் ஒருவர், அப்போதே எஸ்ஆர்சி வழக்கில் குற்றம் சாட்டப்பட்டிருந்தவர். முதல் கேள்விக்கான பதிலைத் திரும்பப் படியுங்கள், யாரென்று தெரியும்.

அரிசியைப் பற்றி. போன தேர்தலுக்கு எங்கள் வீட்டு வாசலில் யாரோ ராத்திரியில் ஐந்து கிலோ மூட்டை ஒன்றை வைத்துவிட்டுப் போனார்கள். பிரித்தால் ஒரே வண்டு. கோழிக்குப் போட்டோம். கோழிகளுக்கு ஓட்டு இல்லை.